டீச்சர் பக்கத்தில் யார் நிற்பது

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. இதை முதலில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒரு திருட்டும் செய்யாத, யாரையும் கை நீட்டி அடிக்காத, எந்த நீதிபதியும் குற்றவாளி என்று சொல்லாத ஒரு பெண்ணை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டி வந்த ஒரே காரணத்துக்காக இரண்டு வரிசைக் கம்பிவேலிக்குப் பின்னால் வைத்திருந்த நாட்கள் அவை. இந்தக் கதை முற்றிய புதன்கிழமை வரைக்கும் உள்ள எண்ணிக்கை. வியாழக்கிழமை இன்னொன்று கூடியது.

அந்தப் பெண்ணை முகாமில் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். தன் நாட்டில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்தவள். நம் பேச்சைப் பாதி காவலர்களிடமும் மீதியைப் பார்க்க வந்தவர்களிடமும் கற்றுக்கொண்டவள். ஆனால் இது டீச்சரின் கதை இல்லை. டீச்சரை வாரம் தவறாமல் போய்ப் பார்த்த ஒருத்தியின் கதை. அவள் நல்லவள்தான். நல்லவர்களுக்கும் வயிறு எரியும்.

சபையில் அவளுக்குப் பட்டியலக்கா என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மடிப்பறைக்கு மேற்பார்வை. பதினாலு பெண்கள், மூன்று ஷிப்டு, மலை மலையாக விரிப்பு, உறை, அங்கி. யார் எந்த ஷிப்டு என்று கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதி ஒட்டுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தாளில் ஒரு சண்டை வந்ததில்லை. "அந்த அக்கா போட்டா போட்டதுதான்" என்று பெண்கள் சொல்வார்கள். பாராட்டு பாதி, பயம் பாதி.

சபையிலிருந்து தடுப்பு முகாமுக்குப் போகும் ஊழியம் தொடங்கியபோது போதகர் அவளிடம்தான் வந்தார். "எனக்குப் பிரசங்கம் வரும், பட்டியல் வராது" என்றார். யார் எந்தக் கிழமை, யாரைப் பார்ப்பது, வேனில் எத்தனை இடம், எல்லாவற்றையும் அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்ததைச் சரியாகவும் செய்தாள்.

முகாமைப் பற்றி இரண்டு வார்த்தை. உள்ளே இருப்பவர்களைக் கைதி என்று சொல்லக் கூடாதாம். 'தங்கியிருப்போர்' என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், என்னமோ லாட்ஜில் அறை போட்ட மாதிரி. வாசலில் போன், மோதிரம், பேனா எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். பார்வையாளர் அறையில் ஒன்பது மேசை, ஒன்பதும் தரையோடு ஆணி அடித்தது. மேசை நடுவில் மஞ்சள் கோடு, கை அதைத் தாண்டக் கூடாது. ஐம்பது நிமிஷம். பிறகு மணி.

ஒவ்வொருவரையும் பார்க்க நாலு பேருக்குத்தான் அனுமதி. டீச்சருக்கு ஒரு வக்கீல், ஒரு வைத்தியர், மீதி இரண்டு இடம் சபைக்கு. அந்த இரண்டில் ஒன்றில் மூன்று வருஷமாகப் பட்டியலக்கா. மற்றதில் இருந்தவர் ஊர் மாறிப் போன பிறகு அந்த இடம் காலியாகவே கிடந்தது. அவள் நிரப்பவில்லை. ஏன் நிரப்பவில்லை என்று அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வருஷம் அவள் சும்மா போய்வரவில்லை. டீச்சருக்கு வேதத்தை முதல் எழுத்திலிருந்து சொல்லிக்கொடுத்தாள். வாரம் ஒரு அதிகாரம். கேள்வி கேட்டு, பதில் வாங்கி, தப்பு விட்டால் திரும்பப் படிக்க வைத்து. மனு தள்ளுபடி ஆன வாரங்களில் டீச்சர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தபோதும், இவள் அன்றைய அதிகாரத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். மழையா, காய்ச்சலா, புதன்கிழமை என்றால் போனாள். அவள் கை இறுகப் பிடித்திருந்தது ஒரு நம்பிக்கையை. இந்தப் பெண் ஒரு நாள் விசுவாசத்துக்கு வருவாள். வரும்போது திரும்பிப் பார்த்து, 'நீதான் கொண்டு வந்தாய்' என்று சொல்லுவாள்.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள்.

நாத்தனார் என்றால் புருஷனின் தங்கை. பட்டியலக்காவின் புருஷன் பஸ் டிரைவர், அமைதியான ஆள், நக்கல் மட்டும் குறையாது. தங்கை அவருக்கு நேர் எதிர். கணவன் செத்து எட்டு மாதம். "ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேன் அண்ணே" என்று இரண்டு பெட்டியோடு வந்தாள். ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. எந்த டப்பாவைத் திறந்தாலும் மூட மாட்டாள். சிரித்தால் பக்கத்து வீடு எட்டிப் பார்க்கும், அழுதால் எதிர் வீடு. பாத்திரம் கழுவுவாள். அவள் கழுவி வைத்ததைப் பட்டியலக்கா எடுத்து மறுபடி கழுவுவாள்.

"அண்ணி, நான் கழுவுனதுல என்ன ஒட்டியிருக்கு, சொல்லுங்க."

"ஒண்ணும் ஒட்டல. என் கை பழக்கம்."

"உங்க கைக்குப் பழக்கம், எனக்கு அவமானம்."

வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறாளே, தன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்தால் புத்தி வரும் என்று பட்டியலக்கா நினைத்தாள். மனு போட்டாள், நாத்தனாருக்கு வாசல் அட்டை வாங்கிக் கொடுத்தாள், டீச்சரின் காலி இடத்தில் பெயரும் எழுதினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று பின்னால் எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாள்.

முதல் புதன்கிழமையே ஆரம்பமாகிவிட்டது. ஊழியத்தில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. நம் கஷ்டத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது, அவர்கள் கஷ்டமே போதும். வேனில் வரும்போது பட்டியலக்கா அதை இரண்டு தடவை சொல்லியிருந்தாள். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள், டீச்சரைப் பார்த்தாள், "எனக்கு முட்டி வலி உயிர் போகுதும்மா" என்று ஆரம்பித்தாள்.

முட்டியில் ஆரம்பித்துச் செத்துப்போன கணவனுக்குப் போய், அங்கிருந்து அண்ணிக்கு வந்தாள். "இதோ உக்காந்திருக்காங்களே, நான் கழுவுன தட்டை மறுபடி கழுவுவாங்க. நான் என்ன, மாட்டுக்குச் சோறு வெச்ச தட்டையா கழுவறேன்?"

டீச்சர் சிரித்தாள். பல் தெரிய, தோள் குலுங்க. மூன்று வருஷத்தில் பட்டியலக்கா அந்தப் பல்லைப் பார்த்ததில்லை. கீழ் வரிசையில் ஒரு பல் உடைந்திருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

"எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுமா" என்றாள் நாத்தனார், ஏதோ கொஞ்சம் உப்புக் கொடு என்று பக்கத்து வீட்டில் கேட்பதுபோல. டீச்சர் திகைத்தாள். பிறகு கண்ணை மூடினாள். தட்டுத் தடுமாறி, தப்பும் தவறுமாக, ஒரு முட்டிக்காக ஜெபித்தாள்.

திரும்பும் வழியில் பட்டியலக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நாத்தனார் அண்ணனிடம் பெருமை அடித்தாள். "அண்ணே, டீச்சர் ஜெபம் பண்ணுச்சு. பாதி வலி போயிடுச்சு."

"மத்தியானம் ரெண்டு மாத்திரை போட்டியே, அதுல போகலையா?" என்றாள் பட்டியலக்கா.

"மாத்திரை போன மாசமும் போட்டேனே அண்ணி."

டிரைவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வலி போனவளே சும்மா இருக்கா, உனக்கு எங்க வலிக்குது?" என்றார். பட்டியலக்கா குழம்புக் கரண்டியை ஓசையோடு வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அவளுக்கு ஒரு முள். டீச்சர் அறைக்குள் வரும்போது கண் முதலில் யாரைத் தேடுகிறது என்று பார்ப்பாள். நாத்தனாரைத்தான் தேடியது. டீச்சர் வாயில் இவளுக்குப் பெரியக்கா என்று பெயர், அவளுக்குச் சின்னக்கா. ஒருமுறை நாத்தனாருக்குக் காய்ச்சல். இவள் தனியாகப் போனாள். "சின்னக்கா வரலையா?" என்று உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டாள் டீச்சர். பிறகு அதிகாரம் நடந்தது. டீச்சர் ஒழுங்காகத்தான் பதில் சொன்னாள். பரீட்சைக்குச் சொல்லும் பதில். மேலதிகாரி தாளைப் பார்க்கும்போது நிற்கும் பெண்களை இருபத்திரண்டு வருஷம் பார்த்தவள், அந்த முகத்தை அடையாளம் தெரியாதா அவளுக்கு? தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் எரிந்தது. உழுதவள் ஒருத்தி, கதிரைக் கட்டிக்கொண்டு போகிறவள் இன்னொருத்தி.

இப்படி நாலு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் அவளை ஓரமாக அழைத்தார்.

"டீச்சர் ஞானஸ்நானம் கேக்கறாங்கம்மா. கடிதாசி எழுதியிருக்காங்க."

பட்டியலக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில்தான். அந்த ஒரு நொடி சுத்தமான சந்தோஷம், அதில் கலப்படம் இல்லை.

மேலாளர் ஒத்துக்கொண்டிருந்தார். முகாமுக்குள்ளேயே, பின்பக்க முற்றத்தில், ஒரு புதன்கிழமை. ஆனால் அவர் அடுத்த மாதக் கடைசியில் மாற்றலாகிப் போகிறார். புதிதாக வருகிறவர் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. நடத்துவதென்றால் அதற்குள் நடத்தியாக வேண்டும். போதகரோடு வெளியிலிருந்து ஒரே ஒருவர் வரலாம். ஞானஸ்நானம் எடுக்கிறவள் பக்கத்தில் சாட்சியாக நிற்க. பெயரை டீச்சரே படிவத்தில் எழுத வேண்டும். எழுதுகிற பெயர் அந்த நாலு பேர் பட்டியலில் இருக்க வேண்டும்.

"வேற யாரு, பட்டியலக்காதான்" என்று சபையில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவள் தலையைக் குனிந்து, "கர்த்தர் சித்தம்" என்றாள். மனதுக்குள் தன் சித்தத்தைக் கர்த்தருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

முகாமில் ஆள் முங்கும் அளவுக்குத் தொட்டி கிடையாது. சலவைக்கூடத்தில் விரிப்பு ஊறப்போடும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, சக்கரம் வைத்தது, ஒன்று உபரியாகக் கிடந்தது. அவள் கேட்டு வாங்கினாள். ஷிப்டு முடிந்ததும் உட்கார்ந்து தானே தேய்த்தாள். மூன்று நாள் தேய்த்தாள். தேய்க்கும்போதெல்லாம் ஒரே படம்: டீச்சர் தண்ணீரிலிருந்து எழுகிறாள், கண்ணைத் துடைக்கிறாள், முதலில் பார்க்கிற முகம் எது?

அடுத்த வாரத்துப் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது பென்சில் தானாகப் போன மாதிரி இருந்தது. தானாகப் போகவில்லை. நாத்தனாரைப் புதன்கிழமையிலிருந்து எடுத்துச் சனிக்கிழமை ஆண்கள் பகுதிக்குப் போட்டாள்.

"ஏன் அண்ணி?"

"அங்க ஆள் பத்தல. ஒரு வயசானவர் பேச ஆளில்லாம கிடக்கிறார்."

அது பொய் இல்லை. அங்கே எப்போதுமே ஆள் பற்றாக்குறைதான். நல்ல காரணம் ஒன்று கையில் இருந்தால் கெட்ட காரியம் எவ்வளவு சுலபமாக நடந்துவிடுகிறது என்று பாருங்கள்.

முகாம் வாசல் பலகையில் பதினோராம் விதி: நாலு வாரம் தொடர்ந்து வராத பார்வையாளரின் பெயர், தங்கியிருப்பவரின் பட்டியலிலிருந்து விழும், விழுந்த இடம் தொண்ணூறு நாளைக்கு மூடியே இருக்கும். பட்டியலக்காவுக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. புதிதாக வருகிற ஊழியக்காரர்களுக்கு அந்தப் பலகையை வாசித்துக் காட்டுகிறவளே அவள்தான்.

முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம். ஒவ்வொரு புதன்கிழமையும் டீச்சர் சின்னக்காவைக் கேட்டாள், 'வேலை இருக்கு' என்று சொல்லிவிட்டு இவள் அதிகாரத்தைத் திறந்தாள். நாலாவது செவ்வாய்க்கிழமை நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். வழக்கமான சத்தம் இல்லை.

"அண்ணி, நாளைக்கு ஒரு தடவை டீச்சர பாக்க விடுங்களேன். அந்தப் பொண்ணு முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது."

பட்டியலக்கா ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பட்டியல் போட்டாச்சு. நடுவுல மாத்துனா மத்தவங்களும் கேப்பாங்க."

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை போதகர் மடிப்பறைக்கே போன் போட்டார். மடித்த அங்கிகளுக்கு நடுவே நின்று அவள் கேட்டாள்.

"படிவம் திரும்பி வந்துடுச்சும்மா. டீச்சர் உங்க நாத்தனார் பேரை எழுதியிருக்காங்க. பட்டியல்ல அந்தப் பேரே இல்லைன்னு அடிச்சு அனுப்பிட்டாங்க. எப்படி விழுந்துச்சுன்னு எனக்கே புரியல."

அவள் மடித்திருந்த ஒரு அங்கியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"பரவால்லம்மா. வேற பேர் எழுத இந்தப் புதன்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. புதுப் படிவம் ஒண்ணு தரேன், நீங்களே கொண்டுபோங்க. சொன்னா உங்க பேரை எழுதிடுவாங்க."

ஒரே போனில் இரண்டு அடி. டீச்சர் தன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் அந்த இடம் தனக்கு வந்துவிடும். முதல் அடி வலித்தது. இரண்டாவது இனித்தது, அதுதான் கேவலம்.

இரவு டிரைவரிடம் சொன்னாள். பெயர் எப்படி விழுந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னாள்.

"மூணு வருஷம். ஒரு புதன் தவறல. அவ நாலு மாசம் போயி முட்டி வலியைப் பத்திப் பேசுனா. டீச்சர் அவ பேரை எழுதுறா."

"என் பஸ்ல ஏறுறவன் எவன் என் மூஞ்சிய பாக்கறான்?" என்றார் டிரைவர். "கண்டக்டர்கிட்ட சிரிப்பான், சண்டை போடுவான், நலம் விசாரிப்பான். நான் முதுகு. ஆனா எறங்கும்போது அவன் வீடு வந்திருக்குமா இல்லையா?"

"நான் முதுகு இல்ல."

"சரி, முகம்தான். தூங்கு."

புதன்கிழமை வாசல் காவலர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பார்வையாளர்களோடு கேலி பேசும் ஒரே ஆள் அவர்தான். "என்னக்கா, பொண்ணு பாக்கப் போற மாதிரி வேர்க்குது?" அவள் மோதிரத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள்.

நாலாவது மேசை. டீச்சர் வந்து உட்கார்ந்தாள். பட்டியலக்கா வெறும் படிவத்தை மஞ்சள் கோடு வரை தள்ளினாள்.

"வேற பேர் எழுதணுமாம்."

"தெரியும். காவலர் சொன்னாரு." டீச்சர் படிவத்தைத் தொடவில்லை. "உண்மையச் சொல்லுங்க, சின்னக்கா ஏன் வரல? என் மேல கோவமா?"

"இல்ல. சனிக்கிழமை ஆண்கள் பகுதிக்குப் போறா."

"யாரு போட்டது?"

பட்டியலக்கா வேறொன்றைக் கேட்டாள். கேட்கவே கூடாது என்று வேனில் முடிவு செய்து வந்த கேள்வி. "ஏன் என் பேரை எழுதல?"

"நீங்க எனக்கு எல்லாம் குடுத்தீங்க பெரியக்கா. வேதம் குடுத்தீங்க, பேச்சு குடுத்தீங்க. ஒவ்வொரு வாரமும் கை நிறையக் கொண்டு வருவீங்க. என்கிட்ட வாங்க மட்டும் ஒரு நாளும் கை நீட்டல. மூணு வருஷத்துல எனக்காக ஜெபம் பண்ணுன்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? இங்க எல்லாரும் எனக்குக் குடுக்கறாங்க. சோறு, துணி, மாத்திரை, நம்பர். நான் யாருக்கும் எதுவும் குடுக்க முடியாத ஆளா ஆயிட்டேன். சின்னக்கா வந்து முட்டிய நீட்டுனாங்க. அன்னைக்கு ராத்திரி என் அறையில இருந்த மூணு பேரும் சேந்து அந்த முட்டிக்கு ஜெபம் பண்ணோம். எனக்கு அப்பதான் தெரிஞ்சுது, நான் படிச்சதெல்லாம் உண்மைன்னு. என்கிட்டயும் கேக்கறதுக்கு ஒரு ஆள் இருக்கு, நான் கேட்டாலும் ஆண்டவர் காது குடுக்கறாருன்னு."

பட்டியலக்கா கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல, வெளிய போனப்புறம் ஞானஸ்நானம் எடுத்துக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் தோணுச்சு, அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எனக்காகக் காத்திட்டு இல்ல. சிலுவையில ஏத்தறதுக்கு முன்னால அவரையும் ராத்திரியோட ராத்திரியாப் புடிச்சுக் கட்டிக் கொண்டுபோனாங்கதானே? அவருக்கு இந்த இடம் தெரியும். இங்கதான் இருக்காரு. பின்ன நான் எதுக்குக் காத்திருக்கணும்?"

மூன்று வருஷம் டீச்சர் வாயில் திணித்த பதில் எதுவும் இப்படி இருந்ததில்லை. பட்டியலக்காவுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடும் வயிற்றுக்குள் ஒன்று கிடந்து எரிந்தது: இதைச் சொல்ல வைத்தது அவள். நான் இல்லை.

படிவம் நடுவில் கிடந்தது. டீச்சர் பென்சிலை எடுத்தாள். "சரி பெரியக்கா. வேற வழி இல்லன்னா உங்க பேரை எழுதறேன். நீங்களும் எனக்கு அக்காதான்."

இதோ வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்தால் போதும். பெயரின் முதல் எழுத்தை டீச்சர் எழுதியும் விட்டாள்.

"எழுதாத" என்றாள் பட்டியலக்கா. "அவ பேரை விழ வெச்சது நான். வேணும்னேதான் சனிக்கிழமைக்கு மாத்துனேன். நாலு வாரம் ஆனா விழும்னு தெரியும். நேத்து வந்தவ உன்னைச் சிரிக்க வெச்சுட்டா. பொறாமை."

டீச்சர் பென்சிலை வைத்தாள். முகம் மாறியது. மன்னித்துவிடுவாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால், பட்டியலக்காவும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"பட்டியல்ல இருந்து ஒரு பேரை எடுக்கறதுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" குரல் உயரவில்லை, அடியில் இறுகியிருந்தது. "நான் ஒரு பட்டியல்ல இருந்ததால ஓடி வந்தேன். இன்னொரு பட்டியல்ல இல்லாததால இங்க இருக்கேன். என் வாழ்க்கையே எவனோ ஒருத்தன் பென்சில்ல இருக்கு. நீங்களுமா?"

பட்டியலக்காவால் நிமிர முடியவில்லை.

"நாலு வாரமா அந்தக் கதவைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

"மன்னிச்சிடு."

"மன்னிப்பேன். இப்ப கோவமா இருக்கேன். இன்னும் ரொம்ப நேரம் கோவமா இருப்பேன்." டீச்சர் எழுதிய எழுத்தை அழித்தாள். படிவத்தை மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளினாள். "யார் பேரும் வேணாம். தொண்ணூறு நாள்தானே. காத்திருக்கேன். எனக்குப் பழக்கம்."

"மேலாளர் மாறிடுவாரு. அப்புறம் விடுவாங்களோ மாட்டாங்களோ."

"காத்திருக்கேன்."

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். பட்டியலக்கா கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள். அறையின் ஒன்பது மேசையும் பார்க்க, மடிப்பறையில் மிஷின் ஓடும்போது கத்துகிற குரலில் சொன்னாள்: "எனக்காக ஜெபம் பண்ணு. இந்தப் பொறாமை போகணும்னு."

டீச்சர் சிரிக்கவில்லை. "பண்றேன். நாளாகும்" என்றாள்.

வாசல் பலகையில் பதினோராம் விதிக்குக் கீழே பன்னிரண்டாம் விதி இருக்கிறது. அதை யாரும் கேட்டதில்லை, அவளும் வாசித்துக் காட்டியதில்லை. பட்டியலில் இருப்பவர் தானாக விலகினால், அந்த இடத்தில் வாசல் அட்டை உள்ள இன்னொருவரை அன்றைக்கே எழுதலாம். மூடிய இடம் மூடியதுதான். திறந்திருக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டால் கொடுத்தவருக்கு இடமில்லை, மூடியது திறக்கும் வரைக்கும்.

அவள் மாற்றுப் படிவத்தைக் கேட்டு வாங்கினாள். விலகுபவர், சேருபவர். எழுதினாள்.

வாசல் காவலர் பார்த்தார். "அக்கா, விலகுபவர்னு உங்க பேரைல்ல எழுதியிருக்கீங்க?"

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்."

"தொண்ணூறு நாளைக்கு டீச்சரப் பாக்க முடியாது. விதி."

"அந்தப் பலகைய உங்களுக்கு முன்னால படிச்சவ நான். முத்திரையைப் போடுங்க. சாட்சிப் படிவத்தையும் உள்ள அனுப்புங்க. பட்டியல்ல பேர் இருக்குன்னு சொல்லுங்க, அவ எழுதிடுவா."

அவர் கேலி எதுவும் பேசாமல் முத்திரை போட்டார்.

வீட்டில் நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டியலக்கா செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றபடியே முழுவதையும் சொன்னாள். சனிக்கிழமை ஏன், நாலு வாரம் ஏன், டீச்சர் என்ன சொன்னாள், இப்போது யார் பெயர் எங்கே.

நாத்தனார் தேய்த்துக்கொண்டிருந்த கரண்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"கழுவுன தட்டை மறுபடி கழுவுற மாதிரி, என்னையும் கழுவி ஓரமா வெச்சுட்டீங்க" என்றாள் கடைசியில். "அந்தப் பொண்ணு என்னை வேணாம்னுடுச்சோன்னு நாலு வாரமா அழுதேன். உங்களுக்குத் தெரியும். பக்கத்து அறையில இருந்துக்கிட்டுக் கேட்டீங்க."

"கேட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

பட்டியலக்கா உண்மையைச் சொன்னாள். "கொஞ்சம் நல்லாதான் இருந்துச்சு."

நாத்தனார் கையில் இருந்த கரண்டியைத் தண்ணீருக்குள் போட்டாள். தெறித்தது. ஹாலிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி உள்ளே போனார். இரண்டு நாள் அந்த வீட்டில் மூடாத டப்பாக்களை யாரும் மூடவில்லை. மூன்றாம் நாள் காலையில் நாத்தனார் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். "தொட்டிக்குப் பக்கத்துல நிக்கணும்னா எந்தச் சேலை கட்டறது? நனைஞ்சா பரவால்லாத சேலை என்கிட்ட இல்ல."

பட்டியலக்கா அலமாரியைத் திறந்தாள். தனக்கென்று எடுத்து வைத்திருந்த வெளிர் நீலச் சேலையைக் கொடுத்தாள். கொடுத்த கை ஒரு நொடி அதன் ஓரத்தைப் பிடித்தே இருந்தது. விட மனமில்லாத கை.

ஞானஸ்நானத்தன்று சபை வேன் முகாமின் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றது. போதகரும் நாத்தனாரும் இறங்கி உள்ளே போனார்கள். தொட்டி காலையிலேயே போயிருந்தது. பட்டியலக்கா பின் இருக்கையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து வேலி தெரியும், சுவர் தெரியும், முற்றம் தெரியாது. முற்றம் தெரியுமா என்று எழுந்து நின்றும் பார்த்தாள். தெரியவில்லை.

டீச்சருக்காக ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினாள். வந்த முதல் வார்த்தை, 'நான் நிற்க வேண்டிய இடம்'. விரட்டினாள், திரும்ப வந்தது. இன்னொரு தடவை விரட்டினாள். பிறகு விரட்டுவதை விட்டுவிட்டாள். வாய் விட்டே சொன்னாள். ஆண்டவரே, எரியுது. இப்பக்கூட எரியுது. அவ என் சேலையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா. நான் மத்தவங்களுக்காகத்தான் உம்மகிட்ட வருவேன், எனக்கு எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. இதை எடுத்துப் போடும். முடியலன்னா, இதோடயே என்னை இங்க உக்காத்தி வெயும். எழுந்து போயிடாம பாத்துக்கும்.

எரிச்சல் போகவில்லை. ஆனால் அவள் எழுந்தும் போகவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டு கிளம்பியது. நாத்தனாரின் குரல்தான் முதலில், சுதி சேராமல், எல்லோரையும் மிஞ்சி. அதற்குப் பின்னால் வேறு குரல்கள், வேறு வேறு பாஷைகளில், பெண்கள் பகுதி ஜன்னல்களிலிருந்து. அதில் டீச்சரின் குரல் எது என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு தேடினாள். பிரித்தெடுக்க முடியவில்லை.

முதலில் எழுதிக்கொண்ட எண்ணுக்குப் பக்கத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: பட்டியலக்கா அன்று வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தது நாற்பத்தொரு நிமிஷம்.